நவநீத்தின் புதுப் படகு

கல்கத்தாவின் கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு ஜோடி செருப்பு வாங்குவதென்றால்கூட நான் அவசரப்பட மாட்டேன். கடைக்காரர் எத்தனை எடுத்துப் போட்டாலும் நடைபாதையில் நாலு அடி நடந்து பார்ப்பேன். காலுக்குப் பழகிய பழையதிலேயே இன்னும் ஒரு மழைக்காலம் தள்ளலாமா என்று யோசிப்பேன். அதற்கப்புறம்தான் முடிவு. நான் யோசிக்காமல் காரியம் செய்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டால் நல்லது.

நீங்கள் தமிழர் என்று வெளியே இருந்த கான்ஸ்டபிள் சொன்னார். எனக்கு அது பெரிய வசதி. என் அப்பா ரயில்வேயில் இருந்தார். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் காரக்பூர் குடியிருப்பில். வங்காளமும் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் நவநீத்தும் நானும் பேசிக்கொண்டது தமிழில். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல்ல வேண்டும் அல்லவா?

என் பெயர் வேலாயுதம். பெஹாலாவில் தனியாக இருக்கிறேன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லேக் என்று எல்லாரும் சொல்கிற ஏரியில் இருக்கும் எங்கள் சின்னப் படகுக் கழகத்துக்குப் போவேன். அங்கே எல்லாருக்கும் நான் வேலு-தா, அதாவது வேலு அண்ணன். குளிர்காலம் வந்தால் ரயிலேறி வடக்கே, தீஸ்தாவில் வந்து சேரும் ஒரு சிற்றாற்றுக்குப் போவோம். பாறைகளுக்கிடையே நுரைத்துக்கொண்டு சரியும் தண்ணீரில், திறந்த படகில் முழங்காலிட்டு, ஒற்றைத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவது எங்கள் விளையாட்டு. அந்தப் படகைக் கேனூ என்பார்கள்.

எங்களுடையது இருவர் படகு. நீளம், அகலம், தட்டையான அடி. சின்னத் தப்புகளை மன்னித்துவிடும். முன்னால் இருப்பவன் வலித்து இழுப்பான், பின்னால் இருப்பவன் திசை பார்ப்பான். ஆறு வருடமாக நவநீத் முன்னால், நான் பின்னால்.

அவன் பொள்ளாச்சிப் பையன். ஐ.டி. வேலைக்காகக் கல்கத்தா வந்தவன். கழகத்துக்கு முதல் நாள் வந்தபோது துடுப்பைத் துடைப்பம் மாதிரி பிடித்தான். தண்ணீரில் எது பாறை, எது பாறையின் நிழல் என்று அவனுக்குக் காட்டியது நான்தான். பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவனின் முதுகு மட்டும்தான் தெரியும். அந்த முதுகைப் பார்த்தே அவன் சரியாகத் தூங்கினானா, மனைவி அனன்யாவோடு ஏதாவது மனஸ்தாபமா என்று சொல்லிவிடுவேன். நான் "வலது" என்றால் வலது. "நிறுத்து" என்றால் துடுப்பு நின்றுவிடும். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்துக் காரணம் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்கள் ஒருவனுக்கு வாழ்க்கையில் எத்தனை பேர் கிடைப்பார்கள்? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் மழை விட்டதும் ஒரு மாலை, பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். மண் குவளையை என்னிடம் நீட்டினான். இடது கையில் கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் ஒன்று உடைந்து காய்ந்திருந்தது.

"கையில என்னப்பா?"

"ஒண்ணுமில்லீங்ணா. வண்டி கிளட்ச் புடிச்சுப் புடிச்சு இப்படி ஆயிருச்சு."

அவனுடையது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதில் கிளட்ச் கிடையாது.

எங்கள் படகில் அவன் வலது பக்கம் துடுப்புப் போடுகிறவன். வலது பக்கம் போடுகிறவனுக்கு அந்த இடத்தில் கொப்புளம் வராது. இடது பக்கம் போடும்போதுதான் இடது கை துடுப்பின் தண்டில் உரசும், அப்போதுதான் வரும். எங்கள் படகில் இடது பக்கம் என்னுடையது. நான் டீயைக் குடித்து முடித்தேன். குவளையைத் தொட்டியில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. வாரநாளில் போன் செய்தால் எடுக்க மாட்டான். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பக் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை படகில் ஏறும்போது தோள் முன்பே களைத்திருக்கும். நான் "வலது" என்று சொல்வதற்கு ஒரு கணம் முன்பாகவே அவன் உடம்பு வலது பக்கம் திரும்பும். தண்ணீரைத் தானே பார்க்க ஆரம்பித்திருந்தான். முன்னேற்றம்தானே என்று நீங்கள் சொல்லலாம். யாரிடம் கற்றுக்கொண்ட முன்னேற்றம் என்பதுதான் என் சந்தேகம்.

ஒரு புதன்கிழமை ஆபீசுக்கு லேட்டாக வருவதாகச் சொல்லிவிட்டு லேக்குக்குப் போனேன். நடைப்பயிற்சிக்காரர்களோடு மரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தண்ணீரில் நவநீத் இருந்தான். கழகத்தின் ஒற்றையாள் படகில், தனியாக. கரையில் பிரியங்கா நின்று கை காட்டிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரியங்கா எங்கள் கழகத்தில் பயிற்சி தருகிற பெண், நல்ல கை. நீங்கள் நினைக்கிற மாதிரி அவர்களுக்குள் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆறு வருடம் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். துடுப்புப் போடும்போது அவன் சிரிப்பான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு சும்மா கேட்பது போலக் கேட்டேன். "புதன்கிழமை காலையில என்ன பண்ணுற?"

"ஆபீஸ் கால் இருக்குமுங்ணா. வெளிநாட்டு டீம்."

கூச்சமில்லாமல் சொன்னான். முதுகு அசையவில்லை. அந்த முதுகை எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் நவநீத் தன் பாலிகஞ்ச் வீட்டுக்குக் கூப்பிட்டான். அனன்யா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை வைத்துவிட்டு அவளும் வந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணுமுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"ஒரு சோலோ போட் வாங்கலாம்னு இருக்கேனுங்ணா. பெங்களூர்ல ஒருத்தர் விக்கிறாரு. பிரியங்காகிட்டக் கொஞ்ச நாளாப் பழகிட்டு இருந்தேன். உங்க மனசு நோகுமோன்னுதான் சொல்லலீங்க."

"எனக்கு என்ன மனசு நோகப் போகுது?"

"நீங்கதானுங்ணா எனக்கு எல்லாம். நீங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாம். இப்பவே விட்டுர்றேன்."

அனன்யாவும் சொன்னாள்: "நிஜமாத்தான் அண்ணா. நீங்க சரின்னாத்தான் நான் அவரை விடுவேன். உங்களை நம்பித்தான் ஆத்துக்கே அனுப்பறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன்.

ஒருவர் படகை மாற்றலாமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அவன் கேட்ட படகு குட்டை, குறுகல், அடிப்பாகம் உருண்டை, இரண்டு முனையும் மேலே தூக்கியிருக்கும். நினைத்த மாத்திரத்தில் திரும்பும். கை தேர்ந்தவனுக்கு அது பெரிய சுகம். ஆனால் உட்கார்ந்தவன் உடம்பு செய்கிற ஒவ்வொரு தப்பையும் அது அப்படியே கேட்டு நடக்கும். கவிழ்ந்தால் தானே மீண்டு வரத் தெரிகிறதா? நீரோட்டத்துக்குக் குறுக்கே போகத் தெரிகிறதா? கடைசியாக, முக்கியமாக, படகு எதன் மீதாவது மோதி நின்றால் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது?

இந்தக் கடைசி விஷயத்தை விளக்க வேண்டும். ஓடுகிற தண்ணீர் உங்களைப் பாறையின் மீது அழுத்தினால், பாறையை அணைத்துக்கொள்கிற மாதிரி அதன் பக்கமே சாய வேண்டும். பயந்தவன் பாறையை விட்டு விலகிச் சாய்வான். அந்த நிமிடமே பின்னாலிருந்து வரும் தண்ணீர் படகுக்குள் ஏறி அவனைக் கவிழ்த்து அடியில் இழுத்துக்கொள்ளும்.

முதல் இரண்டிலும் நவநீத் தேறிவிட்டான். அது என் உழைப்பு. மூன்றாவதில் அவன் முதல் நாள் எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். மோதினால் விலகிச் சாய்வான். ஆறு வருடமாக ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து என் இடுப்பை மறுபக்கம் அழுத்தி நான்தான் படகை நிமிர்த்தினேன். அது அவனுக்குத் தெரியாது. படகு தானே நிமிர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். லேக்கில் மோதுவதற்குப் பாறை இல்லை. அதனால் பிரியங்காவுக்கும் தெரியவில்லை.

தபன்-தாவுக்கு மட்டும் ஏதோ பட்டிருக்கிறது. எங்கள் கழகத்தை நடத்துகிறவர் அவர். "இன்னும் ஒரு குளிர்காலம் போகட்டும், வேலு-தா. நடுத்தரமான படகு ஒன்று கழகத்திலேயே இருக்கிறது, அதில் முதலில் ஆற்றில் இறங்கட்டும். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். சரியான யோசனை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நவநீத் போனில் கேட்டான். "தபன்-தா என்ன சொன்னாருங்ணா?"

"அவர் யாருக்குத்தான் உடனே சரின்னு சொல்லியிருக்கார்?"

"நீங்க என்னங்ணா சொல்றீங்க?"

"வாங்கிக்கோ. நீ பழைய படகைத் தாண்டிட்டே."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். நான் இவ்வளவு பெரிய மனசு வைப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை என்றான்.

குளிர்காலத்தில் நாங்கள் போனோம். தபன்-தாவுக்கு டெங்கு வந்து எழுந்திருக்க முடியவில்லை. நவநீத், பிரியங்கா, நான், மூன்று பேர்தான். வழி பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

அந்த ஆற்றில் ஒரு வளைவு இருக்கிறது. நடுவே ஒரு பெரிய பாறைத் திட்டு. தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இறங்கும். வலது பக்கம் அலை பெரிசு, குதித்துக் குதித்துப் போகும், ஆனால் தடை எதுவும் கிடையாது. வழக்கமாக எல்லாரும் அப்படித்தான் இறங்குவோம். இடது பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். போய் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். படகுகளைத் திட்டின் மேல்முனையில் நிறுத்திவிட்டு நான் அதன் ஓரமாக நடந்தேன். முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம்.

இடது பக்கத்தில் வளைவு திரும்பியதும் ஒரு மரம் விழுந்து கிடந்தது. கரை சரிந்து வேரோடு சாய்ந்திருக்கிறது. இலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன. தண்ணீர் கிளைகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் போகும், மனிதன் போக முடியாது. எங்கள் விளையாட்டில் இதைவிட மோசமான ஒன்று கிடையாது. நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் இதமாக இருந்தது. ஒரு கரிச்சான் குருவி கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. மனசு ஒன்றும் படபடக்கவில்லை. படபடத்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்குமோ என்னவோ.

திரும்பி வந்து பிரியங்காவை முதலில் அனுப்பினேன். "வலது. கீழே போய்க் கயிற்றோடு நில்லு." அவள் சுத்தமாக இறங்கி, பாறைத் திட்டுக்குக் கீழே இருக்கும் மடுவில் போய் நின்றாள். அங்கிருந்து என்னைப் பார்க்க முடியும். மரத்தைப் பார்க்க முடியாது.

நவநீத் புதுப் படகில் முழங்காலிட்டு, தொடையைப் படகோடு பிணைக்கும் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். சிவப்புப் படகு. அழகாகத்தான் இருந்தது.

"எந்தப் பக்கமுங்ணா?"

"இடது."

"பிரியங்கா வலது பக்கம் போனாளே?"

"அவளோடது அகலமான படகு. அலை தாங்கும். இது புதுசு, முதல் தடவையே அலைல விட வேண்டாம். இடது பக்கம் தண்ணி அமைதியா இருக்கு."

"நீங்க பாத்துட்டீங்களா?"

"கடைசி வரைக்கும் நடந்து பாத்துட்டுதான் வந்தேன்."

"அப்ப சரிங்ணா" என்றான். பிறகு, "அடுத்த தடவை நம்ம பழைய போட்லயே போலாமுங்க. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். நீங்க முன்னாடி உக்காந்து ஜாலியா வாங்க. உங்க தோள் வலிக்கும் நல்லது" என்றான்.

என் தோள் வலி அவனுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பக்கமான இடது பக்கத்தையும் எதற்காகப் பழகினான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் நேரம் இருந்தது. அவன் இன்னும் கரையில்தான் இருந்தான். ஆனால் என்னை முன்னால் உட்கார வைத்து, என் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவன் "வலது" என்று சொல்ல, நான் கேட்டு நடப்பது. நீங்களே சொல்லுங்கள், அதை அவன் கருணை என்று நினைத்துச் சொல்கிறான்.

பாறை மீது ஏறி நின்று துடுப்பை இடது பக்கம் நீட்டினேன். அவன் அந்தப் பக்கம் போனான். துடுப்பு விழுகிற விதம் நன்றாக இருந்தது. வளைவில் திரும்பும் முன், முதல் முறையாக, என்னைத் திரும்பிப் பார்த்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நானும் காட்டினேன்.

அதன்பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். விசில் ஊதினேன். கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். படகு மரத்தில் மோதியிருந்தது. அவன் விலகிச் சாய்ந்து, கவிழ்ந்து அடியில் போயிருந்தான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிளைகளுக்குள் இறங்கியவன் நான்தான். விசில் கேட்டு ஓடி வந்த பிரியங்கா மேலிருந்து பிடித்துக்கொண்டாள். கை முழுக்கக் கிழிந்துவிட்டது, இதோ பாருங்கள், தழும்பு இருக்கிறது. அவனை மணலில் கிடத்திவிட்டு அழுதேன். அந்த அழுகை உண்மை. அதைப் பற்றி யாராவது சந்தேகப்பட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பாலிகஞ்ச் வீட்டில் அனன்யா என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா உடம்பே கிடைச்சிருக்காது அண்ணா" என்றாள். அவளுடைய அப்பா வந்து என்னைக் கும்பிட்டார். மலைப் பக்கத்துப் போலீஸ் விபத்து என்று முடித்துக்கொண்டது. அங்கேயே எல்லாம் அடங்கியிருக்கும்.

பிரியங்காதான் விடவில்லை. போன வாரம் கழகத்தில் கூடினார்கள். எழுந்து நின்று என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "வேலு-தா, நீங்கள் துடுப்பை இடது பக்கம் நீட்டியதை நான் பார்த்தேன். ஏன் இடது?"

நல்ல கேள்வி. அவள் கண்ணில் சந்தேகம் இருந்தது. இந்த மூன்று மாதத்தில் என்னை மரியாதையாக நடத்தியவள் அவள் ஒருத்திதான் என்று அப்போது தோன்றியது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் தபன்-தா அவளை உட்காரச் சொல்லிவிட்டார். என் தோளில் கை வைத்தார். "மனிதர்களுக்குத் தப்பு நடக்கும். வெயில் கண்ணில் அடித்திருக்கும். வயசும் ஆகிறது இல்லையா? மரம் வேலு-தாவின் கண்ணில் படவில்லை. அவர் மனசு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். இனிமேல் நான் ஆற்றில் வழி பார்க்க வேண்டாம், வேறு யாராவது பார்க்கட்டும் என்று முடிவானது. கூட்டம் கலைந்ததும் ஒருவர் ஓடி வந்து, கரியாஹாட் பக்கம் நல்ல கண் டாக்டர் இருக்கிறார், கண்புரையாக இருக்கலாம், காட்டுங்கள் என்று விலாசம் தந்தார்.

நான் பெஹாலா வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. நவநீத் கனவில் வருகிறானா என்று சற்று முன் கேட்டீர்கள். இல்லை. தபன்-தாவின் கை என் தோளில் இருந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். துக்கத்தில் ஒரு மனிதன் குற்ற உணர்ச்சி தாங்காமல் உளறுகிறான், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். சம்பவம் நடந்த இடம் உங்கள் எல்லைக்குள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். யாரிடம் அனுப்ப வேண்டுமோ அவர்களிடம் அனுப்புங்கள். என்ன தண்டனையோ கொடுக்கட்டும். நான் மறுத்துப் பேசப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் மரத்தைப் பார்க்கவில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது நிற்க வேண்டும். அந்த மரத்தை நான் பார்த்தேன், எந்தக் கிளையில் அவன் மாட்டுவான் என்பது உட்பட. ஒரு ஆற்றை நான் தப்பாகக் கணித்தேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, இனியும் சொல்லக் கூடாது. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.